எபாக்ஸி சோயா எண்ணெயில் கரியமில வாயுவை ஏற்றுவது: அழுத்தக்கலன் இல்லாத முறை

தாவர எண்ணெயில் கரியமில வாயுவை நேரடியாகக் குமிழவிட்டால் ஒன்றும் நடக்காது. எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளை முதலில் எபாக்ஸைடாக, அதாவது இரண்டு கார்பனும் ஓர் ஆக்ஸிஜனும் சேர்ந்த மூன்றணு வளையமாக, மாற்ற வேண்டும். இறுக்கத்தில் இருக்கும் அந்த வளையம் திறந்து வாயுவை உள்ளே வாங்கி, ஐந்தணு கார்பனேட் வளையமாக மூடிக்கொள்ளும். இப்படிக் கிடைக்கும் கெட்டி எண்ணெயை டைஅமீனோடு (இரண்டு அமீன் முனைகள் உள்ள சேர்மம்) சேர்த்தால், வழக்கமாகப் பயன்படும் நச்சுப்பொருளான ஐசோசயனேட்டைத் தொடாமலேயே பாலியூரித்தேன் செய்யலாம். இவ்வளவு மெனக்கெடுவது அதற்காகத்தான்.

எபாக்ஸைடாக்கும் வேலையை நீங்கள் செய்யத் தேவையில்லை. பிவிசி ஆலைகளுக்காக விற்கப்படும் எபாக்ஸி சோயா எண்ணெய், சந்தையில் ஈஎஸ்பிஓ என்ற பெயரில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயில் செய்யலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: முடியாது. அதன் அயோடின் மதிப்பு, அதாவது இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டும் எண், 10-ஐ ஒட்டியது. இரட்டைப் பிணைப்பே அரிது. சோயா எண்ணெயில் அது 120-க்கு மேல், ஆளி விதை எண்ணெயில் 170-க்கு மேல்.

இங்கே சொல்வது, 2004-ல் தமாமி, சோன், வில்க்ஸ் மூவரும் வெளியிட்ட முறையை ஒட்டியது: சாதாரண வளிமண்டல அழுத்தம், 110 டிகிரி செல்சியஸ், 70 மணி நேரம், 94 விழுக்காடு மாற்றம். அழுத்தக்கலன் இருந்தால் நேரம் வெகுவாகக் குறையும். முதல்முறை செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கணக்கு

எண்ணெயோடு வரும் சோதனைச் சான்றிதழில் ஆக்ஸிரேன் ஆக்ஸிஜன் (எபாக்ஸைடு வளையங்களில் உள்ள ஆக்ஸிஜன்) விழுக்காட்டைப் பாருங்கள். 6.8 என்று வைத்துக்கொண்டால் 100 கிராம் எண்ணெயில் 0.425 மோல் எபாக்ஸைடு இருக்கிறது. முழுக்க மாறினால் 18.7 கிராம் கரியமில வாயு ஏறும். வினையூக்கி டெட்ரா பியூட்டைல் அமோனியம் புரோமைடு, எபாக்ஸைடுக்கு 5 மோல் விழுக்காடு, அதாவது 6.9 கிராம். வளையத்தைத் திறப்பது இதிலுள்ள புரோமைடுதான். வளையம் மூடும்போது அதுவே வெளியே வந்து அடுத்த எபாக்ஸைடுக்குப் போகும்.

படி 1: ஈரத்தை விரட்டுங்கள்

எண்ணெயை 80 டிகிரியில் வெற்றிடத்தில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வினையூக்கி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் உப்பு. 50 டிகிரி வெற்றிட அடுப்பில் உலர்த்தி டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலன்) வையுங்கள். வாயு வரும் பாதையில் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாய் ஒன்று இருக்கட்டும். ஈரம் புகுந்தால் எபாக்ஸைடு டையாலாக (இரண்டு OH தொகுதிகள் உள்ள வடிவம்) மாறிவிடும்; அந்த இடத்தில் பிறகு கார்பனேட் வராது.

படி 2: கருவியைப் பூட்டுங்கள்

250 மி.லி. மூன்று கழுத்துக் குடுவை, சிலிக்கோன் எண்ணெய்த் தொட்டி, நிமிர்த்திய ரிஃப்ளக்ஸ் குளிர்விப்பான் (ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்புவது). வெப்ப உணரியின் முனை தொட்டியில் அல்ல, வினைக் கலவைக்குள் இருக்க வேண்டும். வாயு, நுண்துளைக் கண்ணாடி முனை வழியே எண்ணெயின் அடியில் இறங்கட்டும். அந்த முனைக்கு முன்னால் ஒரு காலிக் குப்பியை வையுங்கள். சிலிண்டர் தீர்ந்தாலும் மூடப்பட்டாலும் பின்னோக்கி உறிஞ்சப்படும் எண்ணெய் அதில் நிற்கும், ரெகுலேட்டருக்குப் போகாது. வெளியேறும் வாயு பாரஃபின் எண்ணெய்க் குமிழிக்கலன் வழியே புகைக்கூண்டுக்குள் (ஆய்வகத்தில் வாயுவை வெளியேற்றும் கூடு) போகட்டும்.

சில சொந்த விருப்பங்கள். சிலிக்கோன் குழாய் வேண்டாம், கரியமில வாயு அதன் சுவர் வழியே கசியும். டெஃப்லான் குழாய் போடுங்கள். பலூனில் வாயு பிடித்து மாட்டுவது இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, ரப்பரிலும் அதே கசிவு. சிலிண்டர் வாங்கும்போது உள்ளே சைஃபன் குழாய் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். சைஃபன் உள்ளதில் திரவம் வரும்.

படி 3: வினை

எண்ணெயையும் வினையூக்கியையும் சேர்த்து, கலக்கியபடியே 110 டிகிரிக்கு ஏற்றுங்கள். உப்பு 103 டிகிரி வாக்கில் உருகும் என்பதால் அதற்குக் கீழே நிறுத்தினால் கலவை மணல்மணலாக இருக்கும். பிறகு நிமிடத்துக்கு 30 மி.லி. வேகத்தில் வாயுவை விடுங்கள். 70 மணி நேரத்தில் இது 126 லிட்டர் ஆகிறது. தேவையானது பத்தரை லிட்டர்தான். மிச்சம் குமிழியாகவே வெளியே போய்விடும். ஆகவே மாற்றம் குறைவாக இருந்தால் வாயு வேகத்தைக் கூட்டிப் பயனில்லை.

பார்க்க வேண்டியது கலக்கலை. கார்பனேட் கூடக் கூட எண்ணெய் தடித்துக்கொண்டே போகும். முதல் நாளில் பொடிப்பொடியாக எழுந்த குமிழிகள், பிறகு பெரிதாகி, முனையிலிருந்து நேரே மேலே ஓடிவிடும். வாயு எண்ணெயில் கரைய நேரமே கிடைக்காது. காந்தக் கலக்கியின் துண்டு இந்தக் கட்டத்தில் தடுமாறி நின்றுவிடும். இரவில் நின்றால் காலைவரை யாருக்கும் தெரியாது. மேலிருந்து இறங்கும் மோட்டார் கலக்கி, அரைவட்ட டெஃப்லான் தகடு, நிமிடத்துக்கு 400 சுற்று என்று தொடக்கத்திலேயே அமைத்துவிடுங்கள். பாதியில் நின்றுபோன வினைகள் பலவற்றுக்கு வினையூக்கியைக் குறை சொல்வார்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது கலக்கியைத்தான்.

வேகம் போதவில்லை என்று வெப்பத்தை 130-க்கு மேல் தள்ளாதீர்கள். அமோனியம் உப்பு சிதைந்து டிரைபியூட்டைல் அமீன் வரும். மீன் வாடையும் கரும்பழுப்பு நிறமும் அதன் அடையாளம். இளம் பழுப்பு இயல்பானது, கவலை வேண்டாம்.

படி 4: முடிந்ததா என்று பார்ப்பது

குடுவையின் எடையை முன்னும் பின்னும் எடுங்கள். 100 கிராமுக்கு 17.6 கிராம் ஏறியிருந்தால் 94 விழுக்காடு. மாதிரி எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். அகச்சிவப்பு நிறமாலையில் (எண்கள் எல்லாம் செ.மீ.⁻¹ அலகில்) 1800 வாக்கில் கார்பனேட்டின் புது உச்சி எழ வேண்டும். 825 முதல் 845 வரையுள்ள எபாக்ஸைடு உச்சி மறைய வேண்டும். 1740-ல் இருப்பது எண்ணெயின் எஸ்டர், அதைக் கார்பனேட் என்று எண்ணிவிடாதீர்கள். 3400-ல் அகலமான மேடு தெரிந்தால் ஈரம் புகுந்திருக்கிறது.

ஆக்ஸிரேன் டைட்ரேஷன் (மிச்சமுள்ள எபாக்ஸைடை அமிலம் விட்டு அளப்பது) செய்பவர்கள், 94 விழுக்காடு மாறியிருந்தால் ஆக்ஸிரேன் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 0.35 விழுக்காடு என எதிர்பார்க்கலாம். ஆனால் மேலே சொன்ன அமீன் இருந்தால் அதுவும் அமிலத்தைக் குடிக்கும். மாற்றம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். கழுவிய பிறகு டைட்ரேஷன் செய்வதே நல்லது.

படி 5: கழுவுதல்

வாயுவை நிறுத்தும் முன் நுண்துளை முனையை எண்ணெயிலிருந்து வெளியே தூக்கிவிடுங்கள். ஆறிய எண்ணெயை 200 மி.லி. எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, 40 டிகிரி நீரால் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 100 மி.லி. கொண்டு கழுவுங்கள். குலுக்காதீர்கள், புனலை மெல்லச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினால் போதும். குலுக்கினால் மோர்போலப் பால்மமாகி மணிக்கணக்கில் பிரியாது.

பால்மம் உடைய உப்புநீர் ஊற்றும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அது இரண்டு வகையில் கெடுக்கும். உப்புநீர், வினையூக்கியை நீரிலிருந்து விரட்டி மறுபடி எத்தில் அசிட்டேட்டுக்கே அனுப்பிவிடும். அதோடு, புரோமைடு போய்விட்டதா என்று வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்க்கும்போது குளோரைடும் கலங்கும். எத்தனை முறை கழுவினாலும் முடியவில்லை என்றே தோன்றும். காத்திருங்கள், அல்லது மையவிலக்கியில் சுற்றுங்கள். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் கலங்காமல் தெளிவாக இருந்தால் நிறுத்தலாம். பிறகு நீரற்ற சோடியம் சல்பேட், வடிகட்டல், 60 டிகிரியில் சுழல் ஆவியாக்கி.

பாதுகாப்பு பற்றி ஒன்று: கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மூடிய அறையில் 70 மணி நேரம் ஓடவிடாதீர்கள். அழுத்தம் வேண்டும் என்று உலர்பனிக்கட்டியைக் குடுவையில் போட்டு மூடுவது குண்டு செய்வதற்குச் சமம்.

பிறகு சேர்த்தது: பாலியூரித்தேன் செய்ய டைஅமீன் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு. 94 விழுக்காடு மாறிய எண்ணெய் 100 கிராமில் கார்பனேட் 0.34 மோல்; அதற்கு எத்திலீன் டைஅமீன் 10.2 கிராம். 70 டிகிரியில் பத்து மணி நேரம், பிறகு 100 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள். அமீனைக் கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்க வேண்டாம். மிச்ச அமீன் எண்ணெயின் எஸ்டரையே வெட்டி அமைடாக்கும். படலம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.