மலை எத்தனை பேரைத் தாங்கும்? சுற்றுலா ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மே 7-ஆம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. முதல் வருடம் யாரையும் தடுக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. எத்தனை பேர், எந்த வண்டியில், எத்தனை நாளுக்கு வருகிறார்கள் என்ற கணக்கு கையில் வர வேண்டும் என்பதுதான் அப்போதைய நோக்கம். 2025 ஏப்ரலில் உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் போனது.

அதிலிருந்து கல்லூரிகளில் இந்தத் தலைப்புக்குத் திடீர் மவுசு. சுற்றுலா மேலாண்மை, புவியியல், எம்பிஏ என்று எந்தத் துறையாக இருந்தாலும் இரண்டு பேராவது 'மலைச் சுற்றுலாவின் தாங்குதிறன்' என்று ப்ராஜெக்ட் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கும் அவ்வப்போது வாய்க்கிறது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் நடக்கின்றன.

எண்ணைத் தேடிக் கிளம்புவது

முதல் பக்கத்திலேயே கேள்வி இப்படி இருக்கும்: 'ஊட்டி ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தாங்கும்?' பிறகு ஒரு சூத்திரம் வரும். பெரும்பாலும் அது 1992-ல் கோஸ்டாரிகாவிலிருந்து வந்த, பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான சிஃபுவென்டெஸ் முறை. இடத்தின் அளவை ஒருவருக்குத் தேவையான இடத்தால் வகுத்து, ஒரு நாளில் எத்தனை சுற்று ஆட்கள் வந்து போக முடியும் என்பதால் பெருக்க வேண்டும். அப்புறம் மழை, சரிவு, மண்ணரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும். கடைசியில் நிர்வாகத்தின் ஆள்பலத்துக்கு ஏற்ப இன்னும் கழிக்க வேண்டும்.

முறையில் தப்பில்லை, அதை நம்பும் விதத்தில்தான் தப்பு. ஒரு கிலோமீட்டர் நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு மீட்டர் என்றால் ஒரே நேரத்தில் 1,000 பேர். பாதை எட்டு மணி நேரம் திறந்திருக்கிறது, போய்வர இரண்டு மணி நேரம், ஆக நான்கு சுற்று. நாளைக்கு 4,000 பேர். இப்போது ஒரே ஒரு அனுமானத்தை மாற்றுங்கள். மக்கள் பத்துப் பேர் குழுவாக நடப்பார்கள், குழுக்களுக்கு நடுவே 50 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று வையுங்கள். ஒரு குழுவுக்கு 60 மீட்டர். கிலோமீட்டருக்கு 16 குழு, 160 பேர். நான்கு சுற்றுக்கு 640.

பாதை அதேதான், மலையும் அதேதான். 4,000 எப்படி 640 ஆனது? 'எவ்வளவு நெரிசல் வரை பரவாயில்லை' என்று நாம் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ததால். அது மலை சொன்ன எண் அல்ல, நாம் சொன்னது. அறிக்கையில் இந்த அனுமானத்தைப் பின்னிணைப்பில் ஒளித்துவைத்துவிட்டு, விடையை மட்டும் தடித்த எழுத்தில் போடுவதைத்தான் முதல் தவறு என்பேன்.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலில் மாட்டி, 1985-ல் கேள்வியையே மாற்றினார்கள். 'எத்தனை பேர்' என்பதை விட்டுவிட்டு 'எவ்வளவு மாற்றம் வரை ஏற்கலாம்' என்று கேட்டார்கள். நம் ஊருக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம்: கூட்டம் கூடினால் எது முதலில் தீரும்? குடிநீரா, சாலையா, குப்பை கொட்டும் இடமா, யானை கடக்கும் நேரமா? ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியில் கூட்டம் உச்சத்தில் இருக்கும், ஓடைகளில் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது சாலையில் இன்னும் நூறு கார் போக இடம் இருக்கிறதா என்று அளந்துகொண்டிருப்பது வீண்வேலை. சாலை அகலமாக இருந்து என்ன, காட்டேஜில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டுமே.

செக்போஸ்ட் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வது

இ-பாஸ் வந்த பிறகு தரவுக்குப் பஞ்சமில்லை என்று ஒரு நிம்மதி. அந்தத் தரவில் யார் இல்லை என்று பார்த்தால் நிம்மதி போய்விடும்.

அரசுப் பேருந்தில் வருகிறவருக்குப் பாஸ் தேவையில்லை, மலை ரயிலில் வருகிறவருக்கும் தேவையில்லை. உள்ளூர் வண்டிகளுக்கு, அதாவது டிஎன் 43 பதிவெண் கொண்டவற்றுக்கு, விலக்கு. ஆனால் கோவை விமான நிலையத்திலிருந்தும் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலிருந்தும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேலே வரும் ஊட்டி டாக்சியும் டிஎன் 43 தானே? கணக்கில் அது உள்ளூர்க்காரர் வீடு திரும்புவது போலத்தான் தெரியும். இன்னொரு பக்கம், பாஸ் எடுத்துவிட்டு வராதவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாளைக்கு எடுத்துவிட்டு மாலையே இறங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வண்டியை எண்ணுவதும் ஆளை எண்ணுவதும் ஒன்றல்ல. ஐம்பது பேர் வரும் பஸ்ஸும் இரண்டு பேர் வரும் காரும் செக்போஸ்ட் பதிவேட்டில் ஆளுக்கொரு வரிதான். கொண்டை ஊசி வளைவில் பஸ் அதிக இடம் எடுக்கும், உண்மைதான். ஆனால் அதே ஐம்பது பேர் கார்களில் வந்தால் பார்க்கிங்கில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காத அறிக்கை அரைகுறை.

நேரடியாக எண்ணப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீசனில் போலீஸ் ஒருவழிப் பாதை அமைப்பது வழக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது பர்லியார், குன்னூர் வழியாக, இறங்குவது கோத்தகிரி வழியாக. இது தெரியாமல் மே மாதம் கோத்தகிரிச் சாலையிலுள்ள குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், மலைக்கு வருகிறவர்களை அல்ல, மலையை விட்டுப் போகிறவர்களைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். கூடலூர் பக்கம் கக்கநல்லாவில் கர்நாடகக் கூட்டமும் நாடுகாணியில் கேரளக் கூட்டமும் நுழைவது வேறு கதை. நான்கு வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலில் நின்று விருந்தினரை எண்ணக் கூடாது.

டிக்கெட் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா எல்லாவற்றின் டிக்கெட்டையும் கூட்டிப் 'பயணிகள் எண்ணிக்கை' என்று எழுதினால், ஒரே குடும்பத்தை நான்கு தடவை எண்ணியிருப்பீர்கள்.

விடுமுறையில் ஆய்வு செய்வது

மாணவர்களுக்கு மே மாதம்தான் லீவு. மலர்க் கண்காட்சியும் மே மாதம்தான். ஆகவே நீலகிரி பற்றிய ப்ராஜெக்ட்களில் பெரும்பாலானவை மே மாதத்து நீலகிரியைப் பற்றியவை. செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன் அதில் வராது. ஆறுமாதம் காலியாகக் கிடக்கும் அறைகள் வராது, சீசன் முடிந்ததும் வேலையில்லாமல் கீழே இறங்கிப் போகும் ஓட்டல் பையன்கள் வரமாட்டார்கள். 'சுற்றுலா இத்தனை பேருக்கு வேலை தருகிறது' என்ற வாக்கியத்தில் எத்தனை மாதத்துக்கு என்பது இருக்காது.

ஜூலையில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை போய் வாருங்கள். இரண்டே நாள் போதும், மே மாதத்து ஆய்வுக்கான வினாப்படிவத்தில் பாதிக் கேள்விகளை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

இருக்கிறவர்களை மட்டும் கேட்பது

எனக்கு மிகவும் பிடித்த தவறு இது. படித்தவர்களே விழும் குழி என்பதால்.

பூங்கா வாசலில் நின்று 300 பேரிடம் 'கூட்டம் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?' என்று கேட்கிறார்கள். பெரும்பாலானவர்கள் 'பரவாயில்லை' என்கிறார்கள். முடிவு: நெரிசல் ஒரு பிரச்சினையே இல்லை, திருப்தி அளவு ஐந்துக்கு நான்கு. ஆனால் கூட்டம் பிடிக்காதவர் அந்த வாசலில் ஏன் நிற்கப்போகிறார்? அவர் பத்து வருடம் முன்பே ஊட்டிக்கு வருவதை நிறுத்திவிட்டு, கோத்தகிரியில் அமைதியான இடம் பார்த்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் 'சாப்பாடு கிடைத்ததா' என்று கேட்பது போலத்தான் இது. மலை சீரழிந்துகொண்டே போகும்போதுகூடத் திருப்தி மதிப்பெண் இறங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்: அதிருப்தியடைந்தவர்கள் விலகிப் போக, புதிதாக வருகிறவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஊட்டி தெரியாது.

உள்ளூர் மக்களைக் கேட்பதிலும் இதே கதைதான். கூட்டம் போடுவது ஓட்டல் ஹாலில், வருகிறவர்கள் ஓட்டல் சங்கம், வியாபாரிகள், டாக்சி சங்கம். இவர்களின் பேச்சு முக்கியம், உச்சவரம்பால் நேரடியாக அடிபடுகிறவர்கள் இவர்கள்தான். ஆனால் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர், சீசனில் பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண், அவசரச் சிகிச்சைக்குக் கோவைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் டிரைவர், இவர்களும் உள்ளூர் மக்கள்தான். அந்த டிரைவரிடம் ஒரு மணி நேரம் பேசினால் கிடைக்கும் அளவுகோல் எந்தச் சூத்திரத்திலும் கிடைக்காது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கச் சாதாரண நாளில் எத்தனை நிமிடம், மே மாத ஞாயிற்றுக்கிழமை எத்தனை நிமிடம்? இந்த வித்தியாசத்தை மாதாமாதம் குறித்து வைத்தாலே ஒரு நல்ல ஆய்வு.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்துகளுக்கு, அதாவது அவர்களின் குடியிருப்புகளுக்கு, போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு வருடங்களுக்கும் மேலாக ஆய்வாளர்கள் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். 'சுற்றுலாவால் உங்கள் பண்பாடு பாதிக்கப்படுகிறதா?' என்று கேட்க முன்னறிவிப்பில்லாமல் கேமராவோடு போய் நிற்கிறவர், எதைப் பற்றிக் கேட்கிறாரோ அதையே செய்துகொண்டிருக்கிறார்.

மாவட்டத்துக்கு ஒரே சராசரி

நீலகிரி ஒரே மலை அல்ல. மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பயம். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 'மழைக்காலத் திருத்தக் காரணி' என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரே எண்ணைப் போட்டால், ஆகஸ்டில் கோத்தகிரியைத் தேவையில்லாமல் மூடுவீர்கள், நவம்பரில் குன்னூரைத் திறந்து வைப்பீர்கள். ஊட்டி நகரத்தின் நெரிசலையும் கூடலூரின் நெரிசலையும் கூட்டி இரண்டால் வகுப்பதிலும் அர்த்தமில்லை.

கூட்டம் எங்கே போனது என்று பார்க்காதது

இமாச்சலத்தின் ரோத்தங் கணவாயில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாளொன்றுக்கு 1,200 வண்டி என்று வரம்பு வைத்தது. பிறகு 2020 அக்டோபரில் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்தது. அதற்குப் பெர்மிட் வேண்டாம். மணாலிக் கூட்டம் மறுபக்கம் லாஹௌலில் சிஸ்ஸு, கோக்சர் என்று அதுவரை அமைதியாக இருந்த கிராமங்களுக்குப் போனது. ரோத்தங்கை மட்டும் அளந்த ஆய்வுக்கு அது வெற்றியாகத் தெரியும்.

ஊட்டிக்குப் பாஸ் கிடைக்காத குடும்பம் வீட்டில் உட்கார்ந்துவிடாது. ஏற்காடு, ஏலகிரி, வால்பாறை, மூணாறு என்று வண்டி திரும்பும். இந்த ஊர்களில் வரம்புக்கு முந்தைய கணக்கு யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் பிந்தைய கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆய்வைத் திட்டமிடும்போதே பக்கத்து மலை ஒன்றையும் சேர்த்துக்கொள்வது பெரிய செலவில்லை.

யாருக்கு என்று சொல்லாத பரிந்துரை

கடைசி அத்தியாயத்துக்கு வந்தால் எல்லா அறிக்கையும் ஒரே குரலில் பேசும்: 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும். வாகன நிறுத்த வசதியை மேம்படுத்த வேண்டும். பொதுப் போக்குவரத்தை ஊக்குவிக்க வேண்டும்.' சரி, யார்?

ஊட்டியில் தாவரவியல் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. தொட்டபெட்டா வனத்துறையின் கையில். சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, குப்பை நகராட்சிக்கு, மலை ரயில் தெற்கு ரயில்வேக்கு, பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு. டிக்கெட் பணம் போகும் இடம் ஒன்று, அந்தக் கூட்டம் விட்டுச் செல்லும் குப்பையை அள்ளும் இடம் வேறொன்று. இதை ஒரு பக்க அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே துறையின் பெயர், எந்த மாதத்துக்குள், எதை வைத்து அளப்பது என்று எழுதிய மாணவர் அறிக்கையை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். பக்கங்கள் நாற்பதுகூட இல்லை. வாய்மொழித் தேர்வில் அந்தப் பெண்ணிடம் 'மாதிரி அளவு போதாதே' என்று கேட்டார்கள்.