பச்சிளங்குழந்தைக்கு நீரிழப்பு: யாருக்கு அபாயம் அதிகம்?

பிறந்த குழந்தையின் உடல் எடையில் ஏறத்தாழ 75 சதவீதம் நீர் என்பதாலும், சிறுநீரைச் செறிவாக்கி நீரைச் சேமிக்கும் திறன் அதன் சிறுநீரகங்களுக்கு இன்னும் முழுமையாக வராததாலும், பால் சிறிது குறைந்தாலும் நீரிழப்பு விரைவில் ஏற்படலாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் காய்ச்சலும் காரணங்களே. ஆனால் முதல் வாரத்தில் பெரும்பாலும் காரணமாவது போதிய பால் உள்ளே செல்லாமையே. முதல் பிரசவம், சிசேரியன், தாயின் நீரிழிவு ஆகியவற்றால் பால் சுரப்பு தாமதமாகலாம். 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தையும், மஞ்சள் காமாலையால் சோர்ந்த குழந்தையும் பாலுக்கு அழாமல் உறங்கிவிடுவதால், 'சமர்த்துக் குழந்தை' என்று பெற்றோர் மகிழ்ந்துவிடுகின்றனர். உண்மையில் அத்தகைய குழந்தையை எழுப்பியாவது நாளுக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். உடல் சூடேறி நீர் இழக்கும் என்பதால், அளவுக்கு மீறிப் போர்த்துவதும் தவறு.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 முறையேனும் சிறுநீர் கழிக்க வேண்டும். அதற்குக் குறைந்தாலும், ஐந்தாம் நாளுக்குப் பிறகும் சிறுநீரில் செங்கல் நிறக் கறை தெரிந்தாலும், பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும், நீரிழப்பின் அறிகுறியாக உச்சிக்குழி (தலை உச்சியிலுள்ள மென்மையான இடம்) அமுங்கட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) உயர்ந்த நீரிழப்பில் அக்குழி அமுங்காமலேயே இருக்கக்கூடும். வீட்டில் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ புகட்ட வேண்டாம்.