கல்விப் பாட்டில் மெட்டு செய்யும் தவறுகள்

ஆங்கில எழுத்துப் பாட்டை மடமடவென்று பாடும் குழந்தையிடம், 'எம்'முக்கு அடுத்த எழுத்து எது என்று நடுவில் கேட்டுப் பாருங்கள். விழிக்கும். 'எலமெனோபி' என்பதை ஒரே எழுத்தாக நினைத்திருக்கும் குழந்தைகளும் உண்டு. குறை மெட்டில்தான். ஏ, பி, சி, டி எல்லாம் ஆளுக்கொரு தாளத் தட்டு வாங்கிக்கொள்ள, எல், எம், என், ஓ நான்கும் இரண்டே தட்டில் அடைபடுகின்றன. குழந்தைகள் டிவிக்குப் பாட்டு அமைப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: புதிய சொல்லை வேகமான இடத்தில் திணிப்பது. கற்றுத்தர வேண்டிய சொல்லுக்கு அசைக்கு ஒரு தட்டு கொடுங்கள். அது முடிந்ததும் ஒரு தட்டு காலியாக விடுங்கள். குழந்தை திருப்பிச் சொல்ல அந்த இடம் வேண்டும்.

அடுத்த தவறு, ஒரே வரிசையில் மட்டும் பாடுவது. வரிசையாகப் பழகிய வாய்ப்பாட்டில் 'மூவெட்டு எத்தனை' என்றால் குழந்தை முதலிலிருந்து பாடிக்கொண்டுதான் வரும். 1973 ஜனவரியில் அமெரிக்காவின் ஏபிசி டிவியில் தொடங்கிய 'ஸ்கூல்ஹவுஸ் ராக்' என்ற கல்விப் பாட்டுத் தொடரின் இசையமைப்பாளர் பாப் டோரோ இதைச் சரியாகக் கையாண்டார். மூன்றாம் வாய்ப்பாட்டுப் பாட்டில் 3, 6, 9 என்று 30 வரை ஏறுகிறார். பிறகு பத்திலிருந்து பின்னோக்கி இறங்கி, கடைசியில் விடையைக் கேள்வியாகக் கேட்கிறார். டோரோ ஒரு ஜாஸ் பியானோ கலைஞர். குழந்தைக்குத்தானே என்று அவர் இசையை மெலிதாக்கவே இல்லை. அந்தத் தொடரில் பாடிய ஜாக் ஷெல்டனும் ஜாஸ் டிரம்பெட் வாசித்தவர். மழலைக் குரலும் பொம்மைக் கீபோர்டு ஒலியும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டுகளை ஒருமுறை கேட்க வேண்டும்.

மெட்டுக்காகச் சொல்லை வெட்டுவது இன்னும் மோசம். அதே தொடரில் பாடலாசிரியர் லின் அஹ்ரன்ஸ் அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரைக்கு அழகாக மெட்டமைத்தார். ஆனால் முதல் வரியில் 'ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' விடுபட்டது. பாட்டாக மனப்பாடம் செய்தவர் தேர்விலும் அதை விட்டுவிட வாய்ப்புண்டு. எழுத்து மாறாமல் சொல்ல வேண்டிய பாடமென்றால், முதலில் தாளம் தட்டிப் பேச்சாகவே சொல்லிப் பாருங்கள். மெட்டு பிறகு வரட்டும்.

தமிழில் இதைவிட நுணுக்கமான ஆபத்து குறிலை நீட்டுவது. 'பல்' நீண்டால் 'பால்', 'கல்' நீண்டால் 'கால்'. சொல்லைச் சொல்லிக் கொடுக்கும் பாட்டிலேயே சொல் மாறிப்போகிறது. நீளமான சுரத்தை நெடிலில் வையுங்கள். வேறு வழியில்லையென்றால் 'க'வைச் சட்டென்று விட்டு 'ல்'லில் நின்று நீட்டலாம்.

சுருதியைப் பாடகரின் வசதிக்கு வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கு பியானோவின் நடு ஸியை அடுத்த டி முதல் மேலே ஏ வரையிலான ஐந்து சுரங்கள் வசதி. ஆண் குரல் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம்.

குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங்கை ஸ்டுடியோ ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு முடிக்காமல் சாதாரண டிவியில் ஓட விடுங்கள். அதில் பேஸ் எனும் தாழ்ந்த, கனத்த ஒலி ஏறக்குறைய காணாமல் போகும். டிரம்ஸில் ஜோடியாக இருக்கும் உலோகத் தட்டான ஹை-ஹாட் தூக்கலாக இருந்தால் 'ச', 'ஸ' ஒலிகளை விழுங்கும். அப்போது குறைக்க வேண்டியது ஹை-ஹாட்டை.

பதிவுக்கு முன்பே நான்கைந்து குழந்தைகளுக்குப் பாட்டைக் கேட்கவிட்டு, மறுநாள் பாடச் சொல்லாமல் நடுவிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கினால், அந்த வரியின் மெட்டை மாற்றுங்கள்.