கறுப்பின மாணவிகளுக்கு உதவுவதாக நினைத்துச் செய்யும் தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடம் எடுக்கிற, ஆய்வகம் நடத்துகிற தமிழர்கள் இன்று நிறைய. நாற்பது பேர் வகுப்பில் கறுப்பினப் பெண் ஒருவர்தான் என்றால், உங்கள் நல்லெண்ணமே அவரைத் தனிமைப்படுத்திவிடலாம்.

பெரிய தவறு, அவர் பின்தங்கித்தான் இருப்பார் என்று முடிவுகட்டி, அடிப்படைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவது. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று கணிதம் கற்பித்த யூரி ட்ரைஸ்மன் கவனித்துப் பார்த்தார். உழைப்பில் குறையில்லை, மணிக்கணக்கில் படித்தார்கள், ஆனால் தனித்தனியே. சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். தனியே படிப்பவருக்கு ஒரு கணக்கு வரவில்லை என்றால், அது எல்லோருக்குமே கடினமா, தனக்கு மட்டும்தானா என்று தெரிய வழியே இல்லை. ட்ரைஸ்மன் அவர்களுக்கு எளிய பாடம் கொடுக்கவில்லை. கடினமான கணக்குகளைக் குழுவாகப் போட வைத்தார். மதிப்பெண்கள் ஏறின.

"குழுவை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்" என்று விடாதீர்கள். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு சேர்ந்துவிடுவார்கள். கடைசியில் நிற்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரமே நான்கைந்து பேராக நீங்களே பிரியுங்கள். கறுப்பின மாணவிகள் இருவர் இருந்தால், ஆளுக்கொரு குழுவில் 'அழகுக்கு' வைக்காமல் ஒரே குழுவில் போடுங்கள். குறிப்பெடுக்கும் வேலை வாராவாரம் கை மாறட்டும். இல்லாவிட்டால் அது ஒரு பெண்ணின் தலையில்தான் விழும்.

அடுத்தது, மனம் நோகுமோ என்று கட்டுரையில் "நன்று" என்று மட்டும் எழுதிக் கொடுப்பது. வெறும் குறைகளை அடுக்கினாலும் கெடும்: என் எழுத்துக்கா, என் நிறத்துக்கா என்ற சந்தேகம் வரும். இப்படி எழுதுங்கள்: "ஆய்விதழுக்குப் போகும் தரத்தை வைத்துத்தான் இதைப் படித்தேன். உங்களால் அதை எட்ட முடியும். மூன்றாம் பக்கத்து வாதத்துக்குச் சான்று போதவில்லை; இரண்டாம் அட்டவணையை அங்கே கொண்டுவாருங்கள்." அளவுகோல், நம்பிக்கை, திருத்தம் என்ற மூன்றில் எதையும் விடக்கூடாது.

துறைத்தலைவர்கள் செய்வது கணக்கில் தவறு. பெண்களின் தேர்ச்சி ஒரு பத்தி, கறுப்பினத்தவரின் தேர்ச்சி இன்னொரு பத்தி. இரண்டு பத்தியிலும் எண்கள் நன்றாகவே இருக்கும், கறுப்பினப் பெண்கள் மட்டும் எதிலும் தனியே தெரியமாட்டார்கள். 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் நடந்தது இதுதான்: அலுவலகத்தில் பெண்கள் (வெள்ளையர்) இருந்தார்கள், தொழிற்கூடத்தில் கறுப்பினத்தவர் (ஆண்கள்) இருந்தார்கள், இனம், பாலினம் என்ற இரண்டு பாகுபாட்டையும் சேர்த்து முறையிடக் கறுப்பினப் பெண்களுக்கு நீதிமன்றம் இடம் தரவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை முன்வைத்தே, இவ்விரு பாகுபாட்டையும் தனித்தனியே பார்க்கக்கூடாது என்ற தன் வாதத்தைக் கட்டினார். உங்கள் தேர்ச்சிக் கணக்கிலும் இனம், பாலினம் இரண்டையும் சேர்த்தே பிரித்துப் பாருங்கள். எண்ணிக்கை சிறிதென்றால் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். தனி ஆளை அடையாளம் காணும்படி வெளியிடாதீர்கள்.

பன்முகத்தன்மைக் குழு, வரவேற்புரை, கையேட்டுப் படம் என்று எல்லாவற்றுக்கும் கறுப்பின மாணவியையே கூப்பிடுவதும் உண்டு. ஆய்வுக்கான நேரம் அதில்தான் கரைகிறது. கூப்பிட்டால் ஊதியம் கொடுங்கள், அல்லது வேறொரு பொறுப்பைக் குறையுங்கள். மறுத்தால் காரணம் கேட்காதீர்கள்.

மாணவியின் பணச் சிக்கலைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதும் தவறுதான். சில நூறு டாலர் பாக்கிக்காகப் பதிவு ரத்தாகிப் படிப்பை விட்டவர்கள் உண்டு. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல் அந்தத் துண்டு விழும் தொகைக்கே சிறு மானியம் தருகிறது. உங்கள் வளாகத்தில் அப்படி நிதி இருக்கிறதா, யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்து, பருவத் தொடக்கத்திலேயே வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிடுங்கள்.