பனிச்சறுக்கு வரைபடம் வாசிப்பது எப்படி? கண்டத்துக்குக் கண்டம் மாறும் சொற்கள்

ஒரு நாட்டில் பனிச்சறுக்கு பழகிவிட்டு இன்னொரு நாட்டு மலைக்குப் போகிறவர்களுக்கு இது. டிக்கெட்டோடு தரும் வரைபடத்தில் தெரிந்த நிறங்கள்தானே இருக்கின்றன என்று லிஃப்டில் ஏறிவிடாதீர்கள். முதலில் இதைப் பாருங்கள்.

படி 1: நிறத்தைச் சரிபாருங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டைமண்ட் கடினம். இரட்டை டைமண்ட் என்றால் நமக்கில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் கிட்டத்தட்ட இதே குறிகள்தான். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சிலும் ஸ்பெயினிலும் நீலத்துக்கும் கீழே ஒரு பச்சை உண்டு. ஆஸ்திரியாவில் பெரும்பாலும் நீலமே அரிச்சுவடி. ஜப்பானில் வழக்கமாகப் பச்சை, சிவப்பு, கறுப்பு.

ஆஸ்திரியாவில் நீலப் பாதையின் சரிவு பொதுவாக 25 சதவீதத்தைத் தாண்டாது. அதாவது சுமார் 14 டிகிரி. சிவப்புக்கு 40 சதவீதம். அமெரிக்காவில் அப்படியில்லை. ஒவ்வொரு மலையும் தன் பாதைகளைத் தனக்குள்ளேயே ஒப்பிட்டுத் தரம் பிரிக்கிறது. சின்னக் குன்றில் கறுப்பு ஓட்டியவர் வயோமிங்கின் ஜாக்சன் ஹோலில் நீலத்திலேயே திணறலாம்.

படி 2: பாதையை விட்டு இறங்கும் முன் நில்லுங்கள்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஐரோப்பாவில் சீர்செய்த பாதைக்கு ‘பிஸ்ட்’ என்று பெயர். அதற்கு வெளியே எல்லாமே ‘ஆஃப்-பிஸ்ட்’, பாதை ஓரத்திலிருந்து பத்தடி தள்ளி இருந்தாலும் சரி. அங்கே பனிச்சரிவு ஆபத்தை யாரும் உங்களுக்காகச் சோதித்திருக்க மாட்டார்கள். பிரான்சின் ஷமோனியில் 3,777 மீட்டர் உயரத்துக்குக் கேபிள் காரே கொண்டுபோய் விடுகிறது. ஆனால் அங்கிருந்து இறங்கும் புகழ்பெற்ற வாலே பிளான்ஷ் பனியாற்றுப் பாதை முழுவதும் ஆஃப்-பிஸ்ட். பனிப் பிளவுகள் உள்ள இடம்.

வட அமெரிக்காவில் கணக்கு வேறு. ஸ்கீ மைதானத்தின் எல்லைக் கயிற்றுக்குள் திறந்திருக்கும் இடம் முழுவதையும், மரங்களுக்கு நடுவே இருக்கும் ‘கிளேட்’ உட்பட, ரோந்துக் குழு கவனிக்கிறது. ஆபத்து அடியோடு போய்விடாது, ஆனாலும் கவனிப்பு உண்டு. கயிற்றைத் தாண்டினால் ‘பேக்கன்ட்ரி’, உங்கள் பாடு. அந்தப் பழக்கத்தோடு ஆல்ப்ஸுக்கு வந்து, கயிறு இல்லையே என்று ஓரம் இறங்குவதுதான் பெரிய தப்பு. புதைந்தவரைத் தேடும் கருவியை ஐரோப்பாவில் ‘டிரான்சீவர்’ என்றும் அமெரிக்காவில் ‘பீக்கன்’ என்றும் கேளுங்கள். இரண்டும் ஒன்றே.

படி 3: பனியின் பெயரைக் கேளுங்கள்

கலிபோர்னியாவின் ஈரமான கனத்த பனிக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் ‘சியரா சிமெண்ட்’. ஓட்டிப் பார்த்தால் பொருத்தம் புரியும். கொலராடோவின் ஸ்டீம்போட், தன் உலர்ந்த பனிக்கு ‘ஷாம்பெயின் பவுடர்’ என்ற பெயரை வணிக முத்திரையாகவே பதிவு செய்துவிட்டது. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடந்து ஹொக்கைடோவில் கொட்டும் பனி ‘ஜப்பவ்’, அதாவது ஜப்பான் பவுடர்.

வசந்தகாலத்தில் பகலில் உருகி இரவில் உறைந்து, மணிமணியாகத் திரளும் பனி அமெரிக்காவில் ‘கார்ன்’. ஆல்ப்ஸில் ஜெர்மன் பேசுபவர்களுக்கு ‘ஃபிர்ன்’. காலை வெயில் மேற்பரப்பை லேசாக இளக்கிய பிறகு போங்கள், அதற்கு முன்னால் அது வெறும் ஐஸ். அப்புறம், ‘மோகுல்’ என்று எழுதியிருந்தால் மொகலாயர் அல்ல, வரிசையாக எழும் பனி மேடுகள். முழங்கால் பத்திரம்.

படி 4: கம்பத்தின் எண்ணைப் பாருங்கள்

பிரான்சில் பிஸ்ட் ஓரக் கம்பங்களில் எண்கள் இருக்கும். கீழே போகப் போக எண் குறையும். 1 வந்தால் அடிவாரம். மூடுபனியில் வழி தெரியாவிட்டால், இறங்கும்போது ஆரஞ்சு நிறத் தலை உள்ள கம்பம் உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். யாராவது விழுந்து அடிபட்டால் உதவிக்கு அழைக்கும்போது பிஸ்டின் பெயரையும் பக்கத்துக் கம்பத்தின் எண்ணையும் சொல்லுங்கள்.