கடல் தெரிகிறதே என்று கணக்குப் போடாதீர்கள்: மரினா அல்தா பள்ளத்தாக்குகளில் சைக்கிள் பயணம்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், வலென்சியாவுக்கும் அலிகாந்தேவுக்கும் நடுவே மத்தியதரைக் கடலை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும் நிலம் மரினா அல்தா. கால்ப் ஊரின் கடற்கரையில் 332 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது இஃபாக் குன்று. அதற்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினால் மலைகள். அந்த மலைகளுக்குள் ஷலோ, பார்செந்த், தார்பெனா, வால் தெபோ என்று ஊரும் பள்ளத்தாக்குமாக விரிகிறது, சைக்கிள்காரர்கள் ஆசைப்படும் ஒரு நாடு. குளிர்காலத்தில் ஐரோப்பாவின் தொழில்முறைப் பந்தய அணிகள் பல பயிற்சிக்கு இங்கே வந்து தங்குகின்றன.

நான் இரண்டு முறை போனேன். முதல் முறை செய்த தவறுகள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை: வரைபடத்தில் கடல் பக்கத்திலேயே இருந்ததால், நிலம் சமதளமாக இருக்கும் என்று மனம் தானாக முடிவு செய்துகொண்டது. கால்ப்பிலிருந்து ஷலோ இருபது கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். கடல் மட்டத்திலிருந்து பெனிசா ஊருக்கு ஏறுவதற்குள்ளேயே 250 மீட்டர் உயரம் கடக்க வேண்டும். அதன் பிறகு இறக்கம், மறுபடி ஏற்றம். கால்ப், பெனிசா, ஷலோ, பார்செந்த், கோல் தெ ராத்தெஸ் கணவாய், தார்பெனா, கயோசா, அல்தேயா, திரும்ப கால்ப் என்று ஒரு சுற்று போனால் சுமார் 70 கிலோமீட்டர். ஆனால் ஏறும் உயரம் எல்லாம் சேர்ந்து 1,000 மீட்டரைத் தாண்டும். ஆகவே ஒரு நாளைத் திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியது மொத்த ஏற்றம். தூரம் அதற்குப் பிறகு. பைகளோடு போகிறவர்கள் முதல் நாளில் 600, 700 மீட்டர் ஏற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கால் பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது கியர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முட்டி வலியோடு பாதியில் ஊர் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ரோடு சைக்கிள் ஒன்றில் முன்பக்கச் சிறிய பற்சக்கரத்தில் 34 பல், பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் 28 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி இரண்டரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர். நீங்களும் வண்டியும் பையும் சேர்ந்து 95 கிலோ என்றால், 8 விழுக்காடு சாய்வில் இதற்கு 200 வாட்டுக்கு மேல் உழைப்பு வேண்டும். வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவரால் இதை வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. மிதிக்கும் வேகம் குறையக் குறைய ஒவ்வொரு மிதியும் கனத்துப்போய், பாரமெல்லாம் முட்டியில் இறங்கும். அதே வண்டியில் முன்னால் 30, பின்னால் 34 பல் இருந்தால், அதே 60 சுற்றுக்கு மணிக்கு ஆறே முக்கால் கிலோமீட்டர். 150 வாட் போதும். மெதுவாகத்தான் போவீர்கள், ஆனால் உச்சிக்குப் போய்ச் சேருவீர்கள். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது நிறத்தையும் எடையையும் கேட்கும் முன் பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

கோல் தெ ராத்தெஸ்ஸை எல்லோரும் பயமுறுத்துவார்கள். உண்மையில் பார்செந்த்திலிருந்து ஆறரை கிலோமீட்டர், சராசரிச் சாய்வு ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். உச்சி 620 மீட்டரைத் தாண்டிய உயரம். சாய்வு சீராக இருப்பதால் மூச்சை ஒரு தாளத்தில் வைத்துக்கொண்டு ஏறிவிடலாம். ஆரம்பத்திலேயே வேகம் காட்டுவதுதான் தவறு. உண்மையில் ஆளை அடிப்பவை, வழிகாட்டும் செயலி ‘குறுக்குவழி’ என்று காட்டும் தோட்டத்துச் சிமெண்ட் பாதைகள். பாதாம், ஆலிவ் தோட்டங்களுக்கு டிராக்டர் போவதற்காகப் போட்டவை அவை. சில இடங்களில் நேர்க்குத்தாக நிற்கும். பைகளோடு ஏறினால் முன்சக்கரம் தூக்கும், இறங்கினால் பிரேக் பிடிக்காது. முந்தைய நாள் இரவே பாதையைப் பெரிதாக்கிப் பார்த்து, எண் உள்ள சாலைகளிலேயே போகும்படி மாற்றிக்கொள்ளுங்கள். பெகோவிலிருந்து பார்செந்த், தார்பெனா வழியாகக் கயோசா போகும் சி.வி-715 நல்ல சாலை. கடற்கரையோரம் ஓடும் என்-332 அப்படியல்ல. லாரியும் காரும் ஓயாது. அல்தேயாவுக்கும் கால்ப்புக்கும் நடுவே மாஸ்கரத் மலையிடுக்கில் குறுகிய சுரங்கப்பாதைகளும் உண்டு. அந்தத் துண்டைத் தவிர்க்க முடியாவிட்டால், பட்டப்பகலிலும் முன் விளக்கும் பின் விளக்கும் எரிய வேண்டும்.

நீர் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் கைகொடுக்காது. வரைபடத்தில் நீலக்கோடு இருந்தால் ஆறு என்று நினைப்போம். ஷலோ வழியாகப் போகும் கோர்கோஸ் ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி கூழாங்கல்தான் கிடக்கும். மலை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழையை வெடிப்புகளும் குகைகளும் உறிஞ்சிவிடும். லாகுவார் பள்ளத்தாக்கில், ஜிரோனா ஆற்றின் குறுக்கே 1940-களில் கட்டிய இஸ்பெர்த் அணை இன்றும் நிற்கிறது. பெருமழைக்குப் பின் நிரம்பும். பாறை வழியே கசிந்து மறுபடி காலியாகிவிடும். ஒரு அணையாலேயே தேக்கிவைக்க முடியாத இடத்தில், வழியில் ஓடை வரும் என்று புட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. ஊர்ச் சதுக்கங்களில் குழாய் வைத்த ஊற்றுகள் உண்டு. ‘நோ பொத்தாப்லெ’ என்று பலகை இருந்தால் அது குடிக்க ஆகாத தண்ணீர். வெயில் காலத்தில் ஏற்றத்துக்கு முன் இரண்டு புட்டியையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வறண்டு கிடக்கும் இதே ஆறுகள்தான் இலையுதிர் காலத்தில் கொல்கின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, சூடேறிய கடலின் ஈரமும் மேலே வரும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து, ஓராண்டு மழையின் பெரும்பங்கைச் சில மணி நேரத்தில் கொட்டிவிடும். 2007 அக்டோபர் 12 அன்று ஜிரோனா ஆறு பெருகி பெனியார்பெய்க் ஊரின் பாலத்தையே சாய்த்தது. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவைச் சுற்றி இருநூறுக்கும் அதிகமானோர் இறந்த வெள்ளமும் இந்த வகை மழைதான். இங்கே சிறு சாலைகள் பல இடங்களில் பாலமின்றி ஆற்றுப்படுகையின் மேலேயே கடக்கும். மேலே மலையில் பெய்திருந்தால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். முழங்கால் ஆழம் கூட இல்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்காதீர்கள். காத்திருங்கள், இல்லையென்றால் திரும்புங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் போவது இன்னொரு தவறு. உள்பள்ளத்தாக்குகளில் கடல்காற்று எட்டாது. மேற்கிலிருந்து வரும் பொனியெந்தே காற்று அடித்தால் உலர்ந்த அனல்தான். 2022 ஆகஸ்டில் வால் தெபோவில் மின்னல் விழுந்து பற்றிய தீ 12,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. கருகிய சரிவுகளில் புதர் துளிர்த்திருப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களை ‘நிலை 3’ என்று அறிவிப்பார்கள். அன்று காட்டுப் பாதைகளைத் தொடக் கூடாது. அவசர எண் 112. நல்ல காலம் பிப்ரவரி முதல் மே வரை. பிப்ரவரி முதல் பாதியில் ஷலோ பள்ளத்தாக்கே பாதாம் பூவால் வெளுத்துக் கிடக்கும்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்குக் கடிகாரம் ஒரு பொறி. ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் உதிப்பதே காலை எட்டே கால் மணிக்கு; மாலை ஆறுக்குள் மறைந்துவிடும். ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம் என்ற நம் ஊர்த் திட்டம் இருட்டில்தான் முடியும். பள்ளத்தாக்கின் அடியில் நிழல் இன்னும் சீக்கிரம் விழும். சிற்றூர்களில் கடைகள் மதியம் இரண்டு மணிக்குச் சாத்தினால் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறன்று பெரும்பாலும் திறப்பதே இல்லை. அன்றைய மதியத்துக்கான ரொட்டியையும் பழத்தையும் காலையிலேயே பையில் போட்டுக்கொள்ளாமல் தார்பெனாவுக்கு ஏறிப் போய், பூட்டிய கதவு முன் நின்றிருக்கிறேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் போதாது. சூரை மீன் வந்துவிடும். மீனும் வேண்டாம், பன்றித் தொடையும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே மறுக்க வேண்டும். உருளைக்கிழங்கு போட்ட முட்டை தொர்த்தியா வைத்த ரொட்டி எங்கும் கிடைக்கும். முட்டையும் ஆகாதவர்கள் வறுத்த பாதாமும் உலர்திராட்சையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே இந்த மண்ணின் விளைச்சல். வழியில் வளைவு வளைவாக முகப்பு வைத்த பழைய தாழ்வாரக் கட்டடங்களைப் பார்ப்பீர்கள். ‘ரியுராவ்’ என்று பெயர். காயும் திராட்சையை மழையிலிருந்து காக்கக் கட்டியவை.

இறக்கத்தில் செய்யும் தவறு எல்லாவற்றையும்விட ஆபத்தானது. வேர்த்துக் களைத்து உச்சியை அடைந்ததும் அப்படியே இறங்கத் தோன்றும். நிறுத்துங்கள். காற்று புகாத மேலங்கியை மாட்டுங்கள். உச்சியில் கடற்கரையைவிட நான்கு டிகிரி வரை குளிர் கூடுதல், விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது. இறங்கும் வழி முழுக்கப் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே போனால் அது சூடாகிப் பிடிப்பு குறையும். நேர்ச்சாலையில் விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பல வாரம் கழித்துப் பெய்யும் முதல் மழையில் தூசியும் எண்ணெயும் கலந்து சாலை வழுக்கும். வெள்ளைக் கோடுகளின் மேல் சக்கரம் ஏறக் கூடாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். ஓட்டும்போது காதில் ஒலிக்கருவி வைத்தால் அபராதம். மது அளவு விதி சைக்கிளுக்கும் பொருந்தும். பதிலுக்கு, கார்கள் உங்களைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும், பெரும்பாலானோர் விடுகிறார்கள். நானும் உடன் வந்தவரும் அக்கம்பக்கமாகப் போனதற்கு யாரும் ஒலிப்பானை அலறவிடவில்லை, அதற்கும் சட்டத்தில் இடமுண்டு.

கடைசியாக, பலகைகளில் ஊர்ப்பெயர். வலென்சிய மொழியில் ஷலோ, ஸ்பானிய மொழியில் ஹலோன். அதேபோல் ஷாபியா ஊர்தான் ஹாவேயா. பலகையில் ஒன்றும் கைப்பேசியில் மற்றொன்றும் இருந்தால், ஊர் தவறிவிட்டது என்று பதறி வந்த வழியே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அன்றைய பாதையின் ஊர்களை இரண்டு பெயரிலும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கைப்பிடிப் பையில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் ஆழத்தில் கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடங்களில் அந்தத் தாள்தான் துணை.