கார் கதவுக்குள்ள புது ஸ்பீக்கர் ஒயர் இழுக்கிறது எப்படி?

டேஷ்போர்டுல இருக்கிற பாட்டு செட்டை மட்டும் மாத்தறீங்கன்னா இந்த வேலையே வேண்டாமுங்க. அட்டைப்பெட்டியில 50 வாட்னு போட்டிருந்தாலும், சாதாரண செட்டுலிருந்து ஒரு ஸ்பீக்கருக்கு நிஜமா வர்றது 15-20 வாட்தான். அதுக்குக் கம்பெனி ஒயரே தாங்கும். தனி ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கற பெட்டி) வெக்கிறீங்க, இல்ல பழைய ஒயர் கதவு மடிப்புல அத்துப்போச்சுன்னா மட்டும் புதுசு இழுங்க.

ஒயர் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க. கதவை முழுசாத் திறந்தா, கீலுக்கு நடுவுல ஒயரை மூடியிருக்கிற கறுப்பு ரப்பர் குழாய், அதாவது பூட், தெரியும். பாடிப் பக்கம் அதோட நுனியை விரல்ல நெம்பி வெளிய எடுங்க. உள்ள ஒயர்க்கட்டு நேரா ஓடுச்சுன்னா உங்களுக்கு வேலை சுளுவு. அந்த இடத்துல பெரிய பிளக் இருந்தா வழி அடைஞ்சிருக்குன்னு அர்த்தம். பிளக்குல பின் இல்லாத காலி இடமாப் பாத்து ஓட்டை போடறவங்க இருக்காங்க. டிரில் ஒரு நூல் நகர்ந்தாலும் பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் ரெண்டும் போகும். புதுசா கத்துக்கிறவங்க அதுல கைவெக்காதீங்க. ஆம்ப் ஒயரைப் பிளக்குக்கு இந்தப் பக்கமே கம்பெனி ஸ்பீக்கர் ஒயரோட சேத்துட்டா போதும், 50 வாட் வரைக்கும் பிரச்சினை வராது.

ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம், கிட்டத்தட்ட 16 கேஜ். ஆம்ப் டிக்கியில இருந்தா முன்கதவு ஒவ்வொண்ணுக்கும் சுமார் 6 மீட்டர் ஆகும். ஒயர் போற வழியிலயே ஒரு கயிறு விட்டு அளந்துக்கோங்க. கடையில ஒரு இழையைப் பிளேடுல சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். கதவு தினமும் மடங்கி நிமிர்ற இடத்துல அது சீக்கிரமே முறிஞ்சிடும்.

முதல்ல கண்ணாடியை முழுசா இறக்குங்க. பேட்டரியைக் கழட்டினப்புறம் அது இறங்காது. அடுத்து 10ம் நம்பர் ஸ்பேனர்ல நெகட்டிவைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக்குக்குப் போறது, அதைத் தொடவே வேண்டாம்.

டோர் பேடுல (கதவோட உள்பக்க மூடி) ஸ்க்ரூ பெரும்பாலும் உள்கைப்பிடிக்குப் பின்னாலயும் கைப்பிடிக் குழியிலயும் ஒளிஞ்சிருக்கும். எல்லாத்தையும் எடுத்துட்டு, கீழ் மூலையிலிருந்து பிளாஸ்டிக் நெம்புகோல்ல கிளிப் கிளிப்பா விடுவிச்சு, பேடை மேல தூக்குங்க. ஸ்க்ரூடிரைவர்ல நெம்பினா பெயின்டும் போகும், கிளிப்பும் உடையும். உள்ள இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிச்சிடாதீங்க. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்ச் சாரல் அடிக்கிற பொள்ளாச்சிப் பக்கம், அந்த ஷீட் கிழிஞ்ச கார்ல கால்மிதி காயவே காயாது.

இப்ப பூட். ரெண்டு நுனியையும் கழட்டித் தொங்க விடுங்க. ஒரே மூச்சுல தள்ளாம பாடி ஓட்டை, பூட், கதவு ஓட்டைன்னு மூணாப் பிரிச்சுக்கிட்டா பாதி மல்லுக்கட்டு குறையும். பைக் கிளட்ச் கேபிளோட உள்கம்பி இதுக்கு நல்லா வேலை செய்யும். விறைப்பாவும் இருக்கும், வளையவும் செய்யும். கம்பி நுனியில டேப் சுத்தி மழுக்கிட்டு, கதவுப் பக்கமிருந்து அந்த ரப்பர் குழாய்க்குள்ள விட்டு உள்ள கொண்டுபோங்க. ஒயரோட ரெண்டு இழையையும் முன்னபின்னயா வெட்டிக் கூர்மையாக் கட்டி, சோப்புத் தண்ணி தடவி இழுங்க. கிரீஸ், ஆயில் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். சிக்குச்சுன்னா வெடுக்குனு இழுக்காம, பின்னால விட்டுத் திருப்பி இழுங்க. மிச்ச ஈரத்தைப் பனியன் வேஸ்ட்ல தொடச்சிடலாம்.

கதவை முழுசாத் திறந்து வெச்சு, அதுக்கு மேல 5 சென்டிமீட்டர் தளர்வு விட்டப்புறம்தான் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டணும். ரப்பர் பூட் உதடு சுத்திலும் பள்ளத்துல உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. ஒரு ஓரம் மடிஞ்சிருந்தாலும் தண்ணி உள்ள வரும். கதவுக்குள்ள கண்ணாடி இறங்கற பாதையை விட்டு ஒதுக்கி, கம்பெனி ஒயர்க்கட்டோடயே சேத்துக் கட்டுங்க.

ஸ்பீக்கர்ல மாட்டிட்டு, ஆம்ப் பக்க நுனியில மல்டிமீட்டரை ஓம்ல வெச்சுப் பாருங்க. 4 ஓம் ஸ்பீக்கர்னா 3-லிருந்து 4-க்குள்ள காட்டும். மீட்டரைப் பாத்துக்கிட்டே கதவைப் பத்து தடவை மூடித் திறக்கச் சொல்லுங்க. எண் தாவினா எங்கயோ நசுங்குது. அப்புறம் மீட்டரோட ஒரு முனையை ஒயர்லயும் இன்னொண்ணைப் பாடி இரும்புலயும் வெச்சா எதுவும் காட்டக்கூடாது. பல கார் ஆம்ப்ல ஸ்பீக்கரோட மைனஸ் ஒயர் எர்த் கிடையாது, அதுலயும் சிக்னல் ஓடும். அது பாடியில பட்டா ஆம்ப்ல அந்த ஸ்பீக்கருக்கான சேனல் போயிடலாம். பிளஸ் மைனஸ் சந்தேகம்னா, ஆம்ப்ல மாட்டறதுக்கு முன்னாடி 1.5 வோல்ட் பேட்டரியோட பிளஸை பிளஸ்னு நெனைக்கிற ஒயர்லயும் மைனஸை இன்னொண்ணுலயும் ஒரு நொடி தொட்டுப் பாருங்க. ஸ்பீக்கரோட கூம்பு வெளிய தள்ளினா சரி. ஒரு கதவுல மாறிப்போனாலும் பேஸ் (அடிச்சத்தம்) காணாமப் போகும், பலபேரு ஸ்பீக்கர் மட்டம்னு நெனச்சுக்குவாங்க.

ஷீட்டை ஒட்டிட்டு, பேட்டரியையும், பேடோட கழண்ட விண்டோ சுவிட்சையும் மாட்டிக் கண்ணாடியை ஏத்துங்க. பேட் போடறதுக்கு முன்னாடி கண்ணாடி மேல ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. கதவடி ஓட்டை வழியா மட்டும் வடிஞ்சா, பேடை வெச்சுக் கிளிப்பை உள்ளங்கையால தட்டி உக்கார வெச்சிடலாமுங்க.